போகாத சிவப்பு

அம்மாடி,

புது வீட்டில் பால் பொங்கியதைப் போனில் காட்டினாய். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினேன். ஜலதோஷம் என்று வைத்துக்கொள். அடுப்பு, அலமாரி, ஜன்னல் எல்லாம் காட்டி முடித்த பிறகு, "அது சரிப்பா, நான் வேலைக்குப் போயிருந்த அன்னிக்கு வாசல்ல இன்னாதான் பண்ணீங்க ரெண்டு பேரும்? அம்மாவக் கேட்டா சிரிக்குது, உன்னக் கேட்டா மழுப்புற" என்றாய். மாப்பிள்ளை உன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி சொல்லக்கூடிய கதையா அது? "ஒண்ணுமில்லம்மா, தண்ணி ஊத்திக் கழுவினோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. உன்னிடம் மறைக்க இனி எனக்கு என்ன இருக்கிறது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் படி.

நம் வாசல் தளம் போட்ட கதை உனக்குத் தெரியும். சாயப்பட்டறையைப் பிள்ளையார்பாளையத்திலேயே வைத்துக்கொண்டு, குடியிருக்க மட்டும் செவிலிமேட்டில் இந்த வீட்டைக் கட்டினோம். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரைக்கும் டைல்ஸ் போடலாம் என்றார் மேஸ்திரி. கார் ஏறினால் டைல்ஸ் தாங்காது, கான்கிரீட்டாகவே போடுங்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வீட்டுக்கு மாடிப்படி கட்டும் முன்பே காருக்குத் தளம் போட்டவன் நான். கார் வந்தபாடில்லை. அந்தத் தளத்தில் ஏறிய பெரிய வாகனம் உன் ஸ்கூட்டர்தான். உன் அம்மா அங்கே மிளகாய் காயவைப்பாள். "ஒரு ஓரமா பரப்பி இருக்கறேன், உங்க கார் வந்தா சொல்லுங்க, வாரிடறேன்" என்று ஒவ்வொரு கோடையிலும் குத்திக்காட்டுவாள்.

உன் முதல் கல்யாணத்தைப் பற்றி நம் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. இந்த ஒரு தடவை நான் திறக்கிறேன், பொறுத்துக்கொள். அன்றைக்கு மண்டபத்திலிருந்து நீங்கள் வந்து கேட்டருகே இறங்கியபோது ஆரத்தி தயாராக இல்லை. சுண்ணாம்பு டப்பா காய்ந்து கட்டியாகக் கிடந்தது. உன் அம்மா அதைச் சுரண்டி மஞ்சள் தண்ணீரில் போட்டுக் கலக்கினால், சிவப்பு வராமல் ஏதோ பழுப்பாக வருகிறது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவன் வீட்டில், சொந்த மகளுக்கு இப்படியொரு சோகைச் சிவப்பா? எனக்குப் பொறுக்கவில்லை. மாதிரி பார்க்கப் பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த அரக்குச் சாயப்பொடி அலமாரியில் இருந்தது. ஒரு சிட்டிகை என்றுதான் கை விட்டேன். பதற்றத்தில் கை நிறைய வந்துவிட்டது.

"ஏங்க, ஆரத்தியில போயி யாராச்சும் சாயத்தக் கலப்பாங்களா?" என்றாள் உன் அம்மா.

"நீ சுத்துடி. என் பொண்ணு ஆரத்தி செவப்பு இந்த வாசல வுட்டுப் போவக்கூடாது."

இந்த வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். சொன்னது அப்படியே பலித்தது. தட்டைச் சுற்றி, கேட்டுக்கு உள்ளே தளத்தின் நடுவில் கொட்டினார்கள். முறம் அகலத்துக்குச் சிவப்பு ஊறி நின்றது. வந்தவர்கள் எல்லாம் "இன்னா செவப்பு, இன்னா செவப்பு" என்று மெச்சினார்கள். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

வருஷம் திரும்புவதற்குள் நீ ஒரு பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாய். அந்த வீட்டில் நீ பட்டதை இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், போதும். கேட்டைத் திறந்தேன். நீ உள்ளே கால் வைத்தபோது அந்தச் சிவப்பு அங்கேயே இருந்தது. மறுநாளிலிருந்து உன் அம்மா அதோடு மல்லுக்கு நின்றாள். சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர், புளி, தேங்காய் நார் என்று அவள் போட்டுத் தேய்க்காத பொருள் இல்லை. நீ காலையில் ஸ்கூட்டரில் போய்க் கம்பெனி பஸ் ஏறிய பிறகு தேய்ப்பாள். நீ திரும்புவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். பட்டு நூலில் பிடிக்காமல் என்னைப் பாடாய்ப்படுத்துகிற அதே அரக்கு, சிமெண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு அசையமாட்டேன் என்றது. போகப்போக மழையும் பாசியும் எதிர் வீட்டு வேப்பமரத்துக் குப்பையும் சேர்ந்து தளத்தையே கறுப்பாக்கிவிட்டன. சிவப்பும் மங்கித் துருவாகிவிட்டது. இனி யார் கண்ணுக்கும் படாது என்று நிம்மதியாக இருந்தேன்.

மாப்பிள்ளை கண்ணில் பட்டுவிட்டது. முதல் தடவை அவர் தன் அப்பா அம்மாவோடு நம் வீட்டுக்கு வந்த அன்று, செருப்பைக் கழற்றிவிட்டு, பேச்சை எப்படித் தொடங்குவது என்று தவித்துக்கொண்டு நின்றவர், தளத்தைக் காட்டி, "இன்னா அங்கிள், பெயிண்ட் கொட்டிக்கிச்சா?" என்றார். வேறெதுவும் நினைத்துக் கேட்கவில்லை, பாவம். உன்னோடு வேலை பார்க்கிறவர். உனக்கு நடந்தது அவருக்கும் அவர் வீட்டாருக்கும் தெரியும். அந்தக் கறை ஏது என்று மட்டும் தெரியாது. நான் "ஆமா ஆமா, பெயிண்ட்டு" என்றேன். என் சாயத்தை என் வாயாலேயே பெயிண்ட் என்று சொன்னேன். நீ காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாய். காபி வர ரொம்ப நேரமானது. அந்த நேரத்தில்தான் முடிவு செய்தேன்: இந்தப் பிள்ளையோடு நீ மாலையும் கழுத்துமாக வந்து நிற்கிற அன்றைக்கு அந்த இடத்தில் அது இருக்கக்கூடாது.

நீ கேட்ட அந்த நாள், கல்யாணத்துக்கு முன்னால் நீ கடைசியாக வேலைக்குப் போன நாள். நீ தெருமுனை தாண்டியதும் நான் கிளம்பினேன். சென்ட்ரிங் சாமானும் கலவை மிஷினும் வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து ஒரு பிரஷர் மிஷினை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டி கழுவுவார்களே, அதே ரகம், கொஞ்சம் பெரிசு. கூடவே, பெரிய அண்டாவின் மூடி மாதிரி வட்டமாக, நீளமான பிடி வைத்த ஒரு தட்டையும் கடைக்காரர் ஏற்றிவிட்டார்.

"தண்ணி பீச்சற இந்தக் கன்னால நேரா தரைய அடிக்காதீங்க, கோடு கோடா அறுத்துடும். இந்தத் தட்டுல மாட்டிக்கினு மெதுவா தள்ளிக்கினே போங்க, அதுபாட்டுக்கு சுத்தம் பண்ணிடும். அப்புறம், அழுக்கு இருக்கற எடம் மட்டும்னு கழுவாதீங்க. அந்த எடம் மட்டும் வெளுத்துக்கினு அசிங்கமா நிக்கும். கழுவினா மொத்தத்தையும் கழுவணும்" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் தட்டை ஓரமாகச் சாத்திவைத்துவிட்டுக் கன்னைத்தான் கையில் எடுத்தேன். உன் அப்பன் யார் சொல்லிக் கேட்டிருக்கிறான்?

அந்தச் சிவப்பின்மேல் எனக்கு அத்தனை ஆத்திரம் இருந்தது என்பது விசையை அழுத்தும்வரை எனக்கே தெரியாது. நேராக அதன் நடுவில் வைத்து அடித்தேன். தண்ணீர் திருப்பி என் முகத்தில் அறைந்தது. கண்ணாடி எங்கேயோ பறந்தது. பிடி நழுவி, குழாய் துள்ளி, உன் அம்மாவை இடுப்புவரை நனைத்தது. நான் விடவில்லை, மறுபடி பிடித்து அதே இடத்தில் அடித்தேன். "அய்ய, நிறுத்துங்க! தரைய நோண்டுறீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டம்மா மாடியில் வந்து நின்றுவிட்டார். நிறுத்திப் பார்த்தால், சிவப்புக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக்கோடு. மேல் பூச்சு உரிந்து மணலும் ஜல்லியும் தெரிந்தன. மணலிலும் சிவப்பு இறங்கியிருந்தது. அந்தக் கோடு என்ன என்று நீ கேட்டபோது, மேஸ்திரி அந்தக் காலத்தில் சரியாகப் பூசவில்லை என்று அவர்மேல் பழியைப் போட்டேனே, அது பொய்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை வரும். வராமல் போனால்தான் நான் கவலைப்படுவேன். வரும்போது அன்றைக்கு உன் அப்பன் கன்னைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தை நினைத்துக்கொள். ஒரே இடத்தில் வைத்து அடிக்காதே. கறை போகாது, தரைதான் போகும்.

அப்புறம்தான் தட்டை எடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தால், மூடிக்குள்ளே ஒரு குறுக்குக் கம்பி, அதன் இரண்டு நுனியிலும் ஊசித்துளை. தண்ணீர் பீறிடுகிற வேகத்தில் அந்தக் கம்பி சுழல்கிறது. மேலே மூடி இருப்பதால் ஒரு சொட்டு முகத்தில் அடிக்காது. உள்ளே உய்யென்று சத்தம் மட்டும் கேட்கும். முதலில் அவசரமாகத் தள்ளினேன், தரையில் வளையம் வளையமாக விழுந்தது. பிறகு நம் தொழில் ஞாபகத்துக்கு வந்தது. கொதிக்கிற தொட்டியில் நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டி ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டாலும் திட்டு, அசந்து நின்றாலும் திட்டு. அதேபோல ஒரே நடையில் தள்ளினேன். போன பாதையில் பாதியைச் சேர்த்துக்கொண்டு அடுத்த பாதை. போர்ட்டிகோ பக்கம் தொடங்கி, சரிவில் இறங்கிக் கேட்டை நோக்கி வந்தோம். தட்டு போன இடமெல்லாம் தளம் வெள்ளையாக எழுந்து வந்தது. உன் அம்மா பின்னாலேயே விளக்குமாற்றால் கறுப்புத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, "கல்யாண ஊட்ல தொட்டித் தண்ணிய காலி பண்ற ஒரே ஆளு நீங்கதான்" என்று அர்ச்சனை செய்துகொண்டே வந்தாள். பாதி தூரம் வந்ததும் அவளுக்கே ஆசை வந்துவிட்டது. "குடுங்க இப்டி. தினம் வாசல் தெளிக்கறவ நானு, இது எனக்குத் தெரியாதா?" என்று பிடுங்கிக்கொண்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைவிட நேர்த்தியாகத் தள்ளினாள். அதைத்தான் நினைத்துச் சிரிக்கிறாள்.

தட்டை மறுபடி வாங்கிக்கொண்டு, சிவப்பு இருந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். முதலில் எல்லாமே கறுப்பாக இருந்ததால் தெரியவில்லை; மேலே வெள்ளையான பிறகு, கழுவாத மிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. பாசியில் தேய்ந்த டயர் தடம். உன் ஸ்கூட்டர் தடம். போர்ட்டிகோ பக்கமிருந்து நேராக வந்து, சிவப்புக்கு முன்னால் ஒடிந்து, சுவர் ஓரமாகச் சுற்றி, மறுபடி கேட்டுக்கு வருகிறது. ஒருநாள் இரண்டு நாள் ஓட்டினால் அப்படித் தடம் விழாது. நீ திரும்பி வந்ததிலிருந்து காலையும் மாலையும் அதைச் சுற்றித்தான் போய்வந்திருக்கிறாய். தினமும் போர்ட்டிகோவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே "பாத்துப் போம்மா" என்று சொல்கிற எனக்கு அது ஒருநாளும் கண்ணில் படவில்லை.

"இன்னாங்க, அப்டியே நின்னுட்டீங்க?"

காட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். "எனக்குத் தெரியும். தினம் பாக்கறேன்ல" என்றாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? இப்ப கன்ன வச்சி நோண்டுனீங்களே, அதத்தான் அப்பவே பண்ணியிருப்பீங்க."

அழுகை வந்தது, அழுதேன். மூஞ்சியெல்லாம் ஏற்கெனவே தண்ணீர் என்பதால் எதிர் வீட்டம்மாவுக்குத் தெரிந்திருக்காது. அந்த வளைவின்மேல் தட்டைத் தள்ள எனக்குக் கை வரவில்லை. உன் அம்மாதான் தள்ளினாள். தடம் போய்விட்டது. அதற்கப்புறம் சிவப்பின்மேல் நின்று நிதானமாகத் தள்ளினாள். போனாள், வந்தாள், குறுக்கே போனாள்.

இனிமேல்தான் வேடிக்கை. மத்தியானம் தளம் காய்ந்தது. கட்டின புதுசில்கூட அப்படி இருந்ததில்லை, அத்தனை வெளுப்பு. அதன் நடுவே, அன்றைக்குக் கொட்டின மாதிரி பளபளவென்று, முறம் அகலத்துக்கு அரக்குச் சிவப்பு. நாங்கள் கழுவியது அதன்மேல் படிந்திருந்த அழுக்கை மட்டும்தான். இத்தனை நாள் மங்கிக் கிடந்ததை, வாடகை கொடுத்து மிஷின் வைத்து விளக்கி வைத்துவிட்டோம். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "போவாதுன்னீங்களே... போவல பாருங்க... உங்க சாயம் போவல பாருங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, அப்படியே அழுதுவிட்டாள். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டம்மா மேலேயிருந்து, "நல்லா பளிச்னு ஆயிடுச்சே! எங்க வாசலயும் ஒரு இழு இழுத்து வுடுங்களேன்" என்றார்.

செருப்பு விடுகிற மிதியடியைப் போட்டு மூடினோம், போதவில்லை. அதன்மேல் பாயை விரித்தோம். காற்றில் பறந்தது. பாயின்மேல் செம்பருத்தித் தொட்டியைத் தூக்கி வைத்தேன். நீ வந்து கேட்டைத் திறந்தபோது, புத்தம்புதுத் தளத்துக்கு நட்டநடுவில் பாய், பாய்மேல் பூந்தொட்டி, பக்கத்தில் நான்.

"அய்ய, நம்ம ஊடுதானா இது? நடு வழியில எதுக்குப்பா தொட்டி?"

"வாஸ்துமா" என்றேன்.

நீ வண்டியை நிறுத்திவிட்டுத் தொட்டியை நகர்த்தினாய். பாயை எடுத்தாய். மிதியடியை எடுத்தாய். நான் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல சாயம்பா" என்றாய். நீ கிண்டல் பண்ணுகிறாயா, நிஜமாகச் சொல்கிறாயா என்று எனக்குப் புரியவில்லை. சின்ன வயசில் பட்டறைக்கு வந்து, மருதாணி என்று சொல்லி ஆறிப்போன சாயத்தில் இரண்டு கையையும் விட்டு எடுத்துக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். நீ மட்டும் கையை விரித்து விரித்துக் காட்டி, "இது போவாதுல்லப்பா?" என்று ஆசையாகக் கேட்டாய். "என் சாயமாவது, போறதாவது" என்றேன். அதே முகத்தோடு, தளம் கழுவிய அன்று சாயங்காலம் என்னைப் பார்த்தாய்.

"அவுரு கேட்டாரே, அன்னிக்கே சொல்லிட்டேன்பா. பெயிண்ட் இல்ல, என் மொதல் கல்யாணத்து ஆரத்தின்னு. 'ஓ'ன்னாரு. அவ்ளோதான். நீதான் இன்னும் அதப் புடிச்சிக்கினு இருக்கற." பாயைச் சுருட்டிக்கொண்டே மறுபடி சொன்னாய்: "இந்தத் தடவ மஞ்சளும் சுண்ணாம்பும் மட்டும் போதும். சுண்ணாம்பு நானே வாங்கியாந்துடறேன். நீ அலமாரிப் பக்கமே போவாத."

"சோகையா இருக்கும்மா."

"இருக்கட்டுமே. வெயில்ல போயிடும். போனா இன்னா? அடுத்த வாட்டி வரப்ப அம்மா மறுபடி சுத்தும்."

அம்மாடி, இத்தனை வருஷமாகப் போகாத சாயம், போகாத சாயம் என்று பேர் வாங்கி அதில்தான் சோறு தின்றிருக்கிறேன். போனால் மறுபடி என்று ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றியதே இல்லை. நூலுக்குத்தான் அது ஆகாது. மனுஷருக்கு ஆகும்போலிருக்கிறது.

கல்யாணத்தன்று நடந்தது உனக்கே தெரியும்; ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பது உனக்குத் தெரியாது. நீங்கள் இருவரும் காரில் வந்து கேட்டருகே இறங்கினீர்கள். உன் அம்மா பழக்கதோஷத்தில், "இப்டி ஓரமா வாங்க" என்று சுவர்ப் பக்கம் உங்களைத் தள்ளினாள். நீ மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, சரியாக அந்தச் சிவப்பின்மேல் நின்றாய். அவர் குனிந்து பார்த்துவிட்டு, தன் காலையும் உன் கால் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டார். அந்த நகர்த்தலைப் பார்த்த பிறகு எனக்கு அவர்மேல் எந்தக் கேள்வியும் இல்லை. உன் அம்மா சுற்றினாள். சுற்றிய வேகத்தில் பாதி அங்கேயே சிந்தியது, மீதியை உங்கள் காலடியில் கொட்டினாள். சோகைச் சிவப்புதான். ஆனால் நன்றாக இருந்தது.

பொழுது சாய நீங்கள் புறப்பட்டபோது சாமான் ஏற்ற வசதியாக மாப்பிள்ளை தன் காரை உள்ளே கொண்டுவந்தார். கடைசியில் என் தளத்தில் ஒரு கார் ஏறியது. உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாளே, கவனித்தாயா? "நீ எடு, எனக்கு ரிவர்ஸ் வராது" என்று அவர் சாவியை உன்னிடம் கொடுத்தார். நீ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் எடுத்தாய். சுவர் ஓரமாக வளைப்பாயோ என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வளைக்கவில்லை. பள்ளக்கோட்டில் இன்னும் காயாமல் தேங்கியிருந்த ஆரத்தியில் டயர் ஏறி, கேட் தாண்டித் தெருவரைக்கும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது. நேர்க்கோடு. மறுநாள் காலையில் உன் அம்மா அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு வாசல் தெளித்தாள்.

இப்போது அது வெயிலில் மங்கிப் போய்விட்டது. நீ சொன்ன மாதிரியேதான். பார்க்க எனக்கு வருத்தமாக இல்லை. பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது, அதன்மேல் உன் அம்மா மறுபடி மிளகாய் பரப்பத் தொடங்கிவிட்டாள், நிறம் பொருந்துகிறதாம். நீ வாங்கி வந்த சுண்ணாம்பில் அரை டப்பா மிச்சம் இருக்கிறது. பழைய டப்பா மாதிரி அதுவும் கட்டியாகிவிடக்கூடாது பார். தினமும் காலையில் பட்டறைக்குக் கிளம்பும்முன் அதைத் திறந்து, ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, இறுக்கி மூடிவிட்டுத்தான் செருப்பைப் போடுகிறேன். எப்போது வருகிறீர்கள்?

உன் அப்பா